ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே மாண்டரின் படிக்க முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: பட்டப்படிப்பு முடிந்துவிட்டது, தைவானிலோ சீனாவிலோ ஒரு வருடம் தங்கி மாண்டரின், அதாவது பொதுச் சீன மொழி, படிக்க ஆசை, கையில் ஆறு மாதச் செலவுக்குத்தான் பணம் இருக்கிறது, மீதி ஆறு மாதத்தைப் பகுதி நேரமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓட்டிவிடலாமா என்கிறீர்கள். கடைசி வரியில் "படிப்பும் கெட்டுப்போகக் கூடாது" என்று சேர்த்திருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்த வரிதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. பணம் வருமா வராதா என்பதைச் சட்டத்தையும் சம்பளத்தையும் வைத்துச் சொல்லிவிடலாம். நாளெல்லாம் ஆங்கிலம் பேசிவிட்டு வருகிறவருக்கு இன்னொரு மொழி வாயில் வருமா என்பதற்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நான் எந்த அனுபவத்தில் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். தைபேயில் நான்கு வருடம் இருந்தேன். முதல் வருடம் ஒரு பல்கலைக்கழக மொழி மையத்தில் முழுநேர மாணவர், அடுத்த மூன்று வருடம் மாலையில் ஆங்கில ஆசிரியர், காலையில் மாண்டரின் வகுப்பு. இப்போது பெரியவர்களுக்கு ஆரம்பநிலை மாண்டரின் கற்றுக்கொடுக்கிறேன். சீனாவில் நான் வேலை பார்த்ததில்லை, அதனால் அங்குள்ள சட்டத்தை மட்டும் சொல்கிறேன். விசா விதிகள் அடிக்கடி திருத்தப்படுகிறவை என்பதால் கீழே சொல்லும் எண்களை டிக்கெட் போடுவதற்கு முன் அந்தந்த நாட்டின் தொழிலாளர் துறை, குடிவரவுத் துறைப் பக்கங்களில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

தைவானில் இருந்து தொடங்குவோம். மொழி மாணவராகப் போகிறவர்கள் வழக்கமாக வருகையாளர் விசாவில் போய், வாரத்துக்கு 15 மணி நேர வகுப்பில் சேர்ந்து, வருகைப் பதிவைக் காட்டி விசாவை நீட்டித்துக்கொண்டே போவார்கள். நான்கு மாதம் ஒழுங்காகப் படித்த பிறகு குடியிருப்பு விசாவுக்கும் அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். சரி, வேலை? மாணவர்களுக்கான வேலை அனுமதி என்று ஒன்று இருக்கிறது, கட்டணம் வெறும் 100 தைவான் டாலர், விடுமுறைக் காலம் தவிர வாரத்துக்கு அதிகபட்சம் 20 மணி நேரம் உழைக்கலாம். இதைப் படித்ததும் எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிடும், நானும் அப்படித்தான் உற்சாகப்பட்டேன். ஆனால் பட்டப்படிப்பு மாணவர்களுக்கும் மொழி மாணவர்களுக்கும் விதி ஒன்றில்லை. மொழி மட்டும் படிக்க வந்தவர் ஒரு வருடம் படித்து முடித்த பிறகுதான் அந்த அனுமதிக்கே விண்ணப்பிக்க முடியும். உங்கள் திட்டம் இடறுகிற இடம் இதுதான். ஆறு மாதப் பணம் தீர்ந்து ஏழாவது மாதம் வேலை தேடும்போது, சட்டப்படி உங்களுக்கு வேலை கொடுக்க யாராலும் முடியாது.

"சும்மா வீட்டில் வைத்து ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுத்தால் யாருக்குத் தெரியும்" என்று அங்கே போனதும் பத்துப் பேராவது உங்களிடம் சொல்வார்கள். அனுமதி இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் அபராதம் 30,000 முதல் 1,50,000 தைவான் டாலர் வரை, கூடவே நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். என் வகுப்பில் கூடப் படித்தவர் ஒருவர் ஒரு மழலையர் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தார். நான் இருந்த காலத்தில் வெளிநாட்டவர் மழலையர் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதற்குச் சட்டப்படி அனுமதியே கிடையாது, ஆனாலும் பல பள்ளிகள் ஆள் எடுத்துக்கொண்டுதான் இருந்தன. ஒரு நாள் ஆய்வாளர்கள் வாசலில் நிற்கிறார்கள் என்றதும் அவரைப் பின்கதவு வழியாக வெளியே தள்ளி, செருப்பைக்கூட மாட்ட நேரம் கொடுக்காமல் பக்கத்துச் சந்தில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை வகுப்பில் அவரால் ஒரு வரி வாசிக்க முடியவில்லை. அன்று அவர் பிடிபடவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை விசா நீட்டிக்கப் போகும்போதும் அவர் முகம் வெளுத்துப் போகும். படிக்கப் போன ஊரில் அந்தப் பயத்தோடு இருப்பதே பெரிய செலவு.

சீனா இதைவிடக் கடினம், அதனால் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 180 நாளுக்கு மேல் படிக்கப் போகிறவருக்கு எக்ஸ்1 விசா, அதற்குக் குறைவாக என்றால் எக்ஸ்2. எக்ஸ்1-இல் போனால் இறங்கிய 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2013 ஜூலையில் அமலுக்கு வந்த நுழைவு-வெளியேறல் சட்டத்தின்படி, மாணவர் விசாவில் இருப்பவர் அனுமதித்த எல்லைக்கு வெளியே வேலை செய்தால் 5,000 முதல் 20,000 யுவான் அபராதம், கடுமையான மீறல் என்றால் 5 முதல் 15 நாள் காவலும் சேரும். முறையாக ஆங்கில ஆசிரியர் வேலைக்குப் போக இசட் விசா வேண்டும், அதற்கு ஆங்கிலம் தாய்மொழியான நாட்டின் பாஸ்போர்ட், பட்டம், பொதுவாக இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். போதாக்குறைக்கு 2021 ஜூலையில் பள்ளிக் குழந்தைகளின் சுமையைக் குறைக்கிறோம் என்று டியூஷன் தொழிலையே அரசு முடக்கியது, வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரை வைத்து இணையத்தில் பாடம் நடத்துவதையும் தடை செய்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பழைய அறிவுரைகள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன, அவற்றை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சீனாவுக்குப் போவதென்றால் படிக்க மட்டும் போங்கள், முழுச் செலவுக்கும் கையில் பணமோ உதவித்தொகையோ வைத்துக்கொண்டு.

அடுத்தது பாஸ்போர்ட். நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்று எழுதவில்லை, ஆனால் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. தைவானில் டியூஷன் மையங்களை பூஷிபான் என்பார்கள். அங்கே வெளிநாட்டு மொழி ஆசிரியராக வேலை அனுமதி வாங்க வேண்டுமென்றால், நீங்கள் சொல்லிக்கொடுக்கும் மொழி உங்கள் நாட்டின் ஆட்சிமொழியாக இருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டுகளைத்தான் பள்ளிகள் கேட்கும். உங்களுடையது வேறு நாட்டுப் பாஸ்போர்ட் என்றால், பள்ளி முதலாளி வாயால் சொல்லும் "பார்த்துக்கொள்ளலாம்" என்பதை நம்பி விமானம் ஏறாதீர்கள், அனுமதி கிடைக்குமா என்று தொழிலாளர் அமைச்சகத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். என்னிடம் கனடா பாஸ்போர்ட் இருந்தது. அப்படி இருந்தும் ஒரு பள்ளியில் தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசி, வேலை உறுதி என்று சொல்லி, நேரில் போனதும் என் நிறத்தைப் பார்த்துவிட்டு "பெற்றோர்கள் எதிர்பார்ப்பது வேறு" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று இடத்தில் இது நடந்தது, நான்காவது இடத்தில் வேலை கிடைத்தது. வெள்ளைத் தோல்தான் ஆங்கிலத்துக்கு அடையாளம் என்று நினைக்கிற பெற்றோர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள், அதை மறைத்து உங்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதே நேரம், என்னை எடுத்துக்கொண்ட பள்ளியின் தலைமையாசிரியை முதல் வாரமே வகுப்பின் பின்வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, யார் என்ன கேட்டாலும் எனக்காக நின்றார். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், தேடுவதற்கு இரண்டு மாதம் கூடுதலாகப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டும் பட்டமும் பொருந்துகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி, வரிசையைத் திருப்பிப் போடுவது. மாணவராகப் போய் வேலை தேடாதீர்கள், ஆசிரியராகப் போய்ப் படியுங்கள். பூஷிபான் வாரத்துக்குக் குறைந்தது 14 மணி நேர வேலை கொடுத்தால் அதை வைத்தே வேலை அனுமதியும் குடியிருப்பு அட்டையும் கிடைக்கும். குழந்தைகள் பள்ளி விட்டு வருவது மாலை நான்கு மணிக்கு மேல்தான், ஆக காலை முழுவதும் உங்களுடையது. உங்கள் இருப்பு வேலையைச் சார்ந்திருப்பதால் மாண்டரின் வகுப்பை எத்தனை மணி நேரம் வேண்டுமோ அத்தனைதான் எடுக்கலாம், 15 மணி நேரக் கட்டாயம் இல்லை. நான் இருந்தபோது ஆரம்பச் சம்பளம் மணிக்கு 600 தைவான் டாலர் சுற்றி இருந்தது. வாரம் 15 மணி நேரம் என்று வைத்தால் மாதம் 36,000 வரும், சிக்கனமாக இருந்தால் தைபேயில் அறை வாடகை, சாப்பாடு, வகுப்புக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடங்கியது, சேமிப்பு என்று ஒன்றும் மிஞ்சவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு காலண்டர் வருடத்தில் 183 நாளுக்குக் குறைவாக இருப்பவரிடம், மாதச் சம்பளம் அரசு குறித்த குறைந்தபட்ச ஊதியத்தின் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் 18 சதவீதம், இல்லையென்றால் 6 சதவீதம் வரி பிடிப்பார்கள். 183 நாளைத் தாண்டினால் அடுத்த மே மாதம் கணக்குத் தாக்கல் செய்யும்போது பெரும்பகுதி திரும்ப வரும், ஆனால் முதல் சில மாதம் கைக்கு வருவது குறைச்சலாகத்தான் இருக்கும்.

இனி படிப்புக்கு வருவோம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அதிகாரிகளுக்கு மாண்டரின் வர 88 வாரம், 2,200 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. வாரத்துக்கு 25 மணி நேரம், அதற்கு மேல் வீட்டுப் படிப்பு வேறு. நீங்கள் வாரம் 15 மணி நேரம் 48 வாரம் படித்தால் 720 மணி நேரம் ஆகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஒரு வருடத்தில் என்ன வரும் என்று நேர்மையாகச் சொன்னால்: சந்தையில், மருத்துவரிடம், வீட்டு உரிமையாளரிடம் தடுமாறாமல் பேசலாம், நண்பர்களோடு ஒரு மாலைப் பொழுது உட்காரலாம், நாளிதழை அகராதி இல்லாமல் வாசிக்க முடியாது. இது நன்றாகப் படித்தவருக்கு. இதில் தினமும் நான்கு மணி நேரத்தை ஆங்கிலத்துக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் உங்கள் கேள்வி.

அந்த நான்கு மணி நேரத்தோடு முடிந்துவிடாது என்பதுதான் சிக்கல். சம்பளம் வகுப்பு மணிக்குத்தான். பாடம் தயாரிப்பது, நோட்டுத் திருத்துவது, பிறகு லியன்லுவோபு என்கிற பெற்றோர் தொடர்பு ஏட்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு வரி எழுதுவது, இதெல்லாம் கணக்கில் வராது. நான் வாரம் 22 மணி நேரம் எடுத்த ஒரு பருவத்தில், கூ-டிங் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த என் அறைக்கும் பான்-சியாவோவில் இருந்த பள்ளிக்கும் மெட்ரோவில் போய்வருவதையும் சேர்த்தால் வாரத்தில் 35 மணி நேரம் போய்விட்டது. அந்த மூன்று மாதத்தில் நான் புதிதாகக் கற்ற எழுத்துகளை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். மறு பருவம் 14 மணி நேரமாகக் குறைத்தேன், சம்பளம் குறைந்தது, மொழி நகர ஆரம்பித்தது. என் அனுபவத்தில் 14, 15 மணி நேரம்தான் எல்லை. அதற்கு மேல் போனால் நீங்கள் மாண்டரின் படிக்கும் ஆசிரியராக இருக்க மாட்டீர்கள், தைவானில் வசிக்கும் ஆங்கில ஆசிரியர் ஆகிவிடுவீர்கள். பத்து வருடம் அங்கே இருந்தும் தேநீர்க் கடையில் சர்க்கரை குறைவாகப் போடுங்கள் என்பதைத் தாண்டிப் பேச வராதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்கள் சோம்பேறிகள் இல்லை, அவர்களுடைய நாள் அப்படி அமைந்துவிட்டது.

இன்னொன்று தொண்டை. பதினைந்து குழந்தைகள் இருக்கும் அறையில் மூன்று மணி நேரம் கத்திவிட்டு வந்தால் குரல் தட்டையாகிவிடும். மாண்டரின் தொனியால் நிற்கிற மொழி: 'மா' என்று சமமாக உயர்த்திச் சொன்னால் அம்மா, மேலே ஏற்றிச் சொன்னால் சணல், தாழ்த்திச் சொன்னால் குதிரை, வெட்டி இறக்கினால் திட்டு. களைத்த குரலில் மூன்றாம் தொனியும் நான்காம் தொனியும் ஒன்றாகக் கலந்துவிடும், அப்படியே பழகியும் விடும். அதனால் மொழி வகுப்பைக் காலையில் வையுங்கள், ஆங்கிலத்தை மாலையில். மாற்றி வைத்தவர்கள் யாரும் நெடுநாள் தாக்குப்பிடித்து நான் பார்க்கவில்லை. பல பூஷிபான்களில் ஆசிரியர் வகுப்பறையில் ஒரு வார்த்தைகூடச் சீனம் பேசக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருப்பார்கள், ஆக பாடம் எடுக்கும் நேரத்தில் பயிற்சி கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஆசிரியர் அறையில், உள்ளூர் உதவி ஆசிரியர்களோடு சாப்பிடும் அந்த அரைமணி நேரத்தில்தான் கிடைக்கும், அதை விடாதீர்கள்.

ஆனாலும் வகுப்பறை எனக்கு ஒன்று கொடுத்தது, அதை எந்தப் பாடநூலும் கொடுக்கவில்லை. ஏழு வயதுப் பையன் ஒருவன் தினமும் உள்ளே வந்ததும் "டீச்சர், ஓபன் தி லைட்" என்பான். எத்தனை முறை திருத்தினாலும் அதேதான். ஒரு நாள் அதை நோட்டில் எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது, சீனத்தில் 'கை மென்' என்றால் கதவைத் திற, 'கை டெங்' என்றால் விளக்கைப் போடு, இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். அவன் தன் மொழியை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தான். அன்று முதல் குழந்தைகளின் தவறுகளை எழுதத் தொடங்கினேன். "ஐ வெரி ஹேப்பி" என்றால் 'வோ ஹென் காவ்-சிங்', அங்கே 'இருக்கிறேன்' என்று எதுவும் வேண்டாம், நாம் "நான் ரொம்ப சந்தோஷம்" என்கிற மாதிரியேதான். அம்மாவைப் பற்றிப் பேசும்போது 'ஹி' என்று தொடங்குவார்கள், ஏனென்றால் பேச்சில் அவனும் அவளும் 'தா' என்ற ஒரே ஒலிதான், எழுத்தில்தான் பிரிகிறது. "யெஸ்டர்டே ஐ கோ" என்பதில் வினை மாறாததற்குக் காரணம் சீன வினைச்சொல் காலத்துக்காக உருமாறுவதே இல்லை. 'புக்' என்பதை 'புக்கு' என்பார்கள், மாண்டரின் அசைகள் உயிரிலோ ன், ங் போன்ற ஒலியிலோதான் முடியும், க் என்று முடியாது. ஆறு மாதத்தில் அந்த நோட்டில் இருநூறு வாக்கியம் சேர்ந்தது, அதைத் தலைகீழாக வாசித்தால் ஒரு மாண்டரின் இலக்கணம். என் காலை வகுப்பு ஆசிரியை அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இரண்டு இடத்தில் திருத்திக் கொடுத்தார். நீங்கள் வேலைக்குப் போனால் இதை மட்டும் முதல் நாளிலிருந்தே செய்யுங்கள்.

இடையில் ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். தமிழ் வாய் உள்ளவருக்கு மாண்டரின் ஒலிகளில் சில இலவசமாகக் கிடைக்கின்றன. மற்ற நாட்டு மாணவர்கள் வாரக்கணக்காகத் திண்டாடுகிற 'ர' ஒலி ஒன்று இருக்கிறது, நாக்கை மடித்துச் சொல்வது, அது நம் ழகரத்துக்கு மிக அருகில் வரும். பெய்ஜிங் என்பதன் முதல் எழுத்து உண்மையில் 'பல்' என்று சொல்லும்போது வருகிற மூச்சில்லாத ப-தான். கஷ்டம் எதிர்ப்பக்கத்தில் வரும்: மூச்சைத் தள்ளிச் சொல்லும் ப, த, க நம்மிடம் இல்லை. வாய்க்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, தாள் படபடக்கிறவரை பழகுங்கள்.

சரி, உங்கள் ஆறு மாதப் பணத்தை என்ன செய்வது? மேலே சொன்ன பாஸ்போர்ட் இல்லை என்றால், ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் திட்டத்தை விட்டுவிட்டு தைவான் கல்வி அமைச்சகத்தின் ஹுவாயு உதவித்தொகைக்கு முயற்சி செய்யுங்கள். மொழி படிக்கிறவர்களுக்கென்றே உள்ளது, கோடைக்கால இரண்டு மாதம் முதல் ஒரு வருடம் வரை கொடுப்பார்கள், உங்கள் நாட்டில் இருக்கும் தைவான் பிரதிநிதி அலுவலகம் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் ஆறு மாதம் மட்டும் போய், ஒரு டாலர்கூடச் சம்பாதிக்காமல், முழுநேரமாகப் படித்துவிட்டுத் திரும்புங்கள். கவலையோடு படிக்கும் ஒரு வருடத்தைவிட அது அதிகம் தரும் என்பது என் கருத்து, இதில் வேறு கருத்து உள்ளவர்களும் உண்டு. ஆங்கிலத்தை அங்கே பணமாக மாற்ற முடியாவிட்டாலும் பேச்சாக மாற்றலாம்: யூயான் ஜியாவ்-ஹுவான் என்று மொழிப் பரிமாற்றத்துக்குப் பல்கலைக்கழகப் பலகைகளில் சீட்டு ஒட்டியிருப்பார்கள், ஒரு மணி நேரம் அவருக்கு ஆங்கிலம், ஒரு மணி நேரம் உங்களுக்குச் சீனம், காசு கைமாறுவதில்லை. ஷி-தா என்று எல்லோரும் அழைக்கும் தைவான் தேசிய நார்மல் பல்கலைக்கழகத்தின் மாண்டரின் பயிற்சி மையம் 1956 முதல் நடக்கிறது, அந்தப் பகுதியில் இப்படி ஆள் கிடைப்பது எளிது. தைவானில் இருந்தபடி இணையத்தில் வேறு நாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள், அது மங்கலான பகுதி, மாணவர் விசாவில் இருக்கும்போது நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

தைவானா சீனாவா என்பதில் எழுத்தையும் கணக்கில் எடுங்கள். தைவானில் பழைய முழு வடிவ எழுத்து, ஒலிக்கு 37 குறிகள் கொண்ட சூ-யின் முறை. சீனாவில் எளிமையாக்கிய எழுத்து, ஒலியை ரோமன் எழுத்தில் எழுதும் பின்-யின் முறை. எதில் தொடங்கினாலும் மற்றதற்கு மாற முடியும், முழு வடிவத்திலிருந்து எளிய வடிவத்துக்கு வருவது எனக்குச் சுலபமாக இருந்தது.

பாஸ்போர்ட் பொருந்தி, ஆசிரியராகவே போவதென்று முடிவெடுத்தால், பட்டச் சான்றிதழை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே நோட்டரியிடம் சான்று வாங்கி, தைவான் பிரதிநிதி அலுவலகத்தில் முத்திரை வாங்கிவிடுங்கள். நான் அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, சான்றிதழைத் தபாலில் திருப்பி அனுப்பி, வீட்டில் உள்ளவர்களை அலையவிட்டு, ஏழு வாரம் வேலையில்லாமல் இருந்தேன். உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது, பட்டம் எதில் என்று கீழே எழுதுங்கள், இரண்டில் எந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது என்று இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.